சாத்தான் என்னும் சொல்லும் நம் முன்னோரும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பள்ளிகளைப் பற்றியும் உதவித்தொகைகளைப் பற்றியும் அன்பர்கள் பலர் எழுதுவர். நாம் ஒரு சொல்லைப் பற்றி எழுத விழைகின்றோம். ‘சாத்தான்’ என்பதே அச்சொல். காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களிலும் நம் முசரவாக்கத்திலும் அதனைக் கேளாதார் இலர். தேவாலயத்திற்குச் செல்லும் வீட்டார், செல்லாத வீட்டார் என ஒரே தெருவில், ஒரே குருதியில், இரு திறத்தார் வாழ்கின்றோம். ஒரு வீட்டுப் பாட்டி பொங்கலிட்டு வணங்கிய எல்லைத் தெய்வத்தை அடுத்த வீட்டுப் பேரன் ‘சாத்தான்’ என்கின்றான். பாட்டி அதனைக் கேட்டு வாய்மூடிப் போகின்றாள். மறுமொழி கூறுவதற்கு அவளுக்கு எழுத்தறிவு இல்லை. பேரனுக்கோ எழுத்தறிவு உண்டு. ஆனால் அவன் கையிலுள்ள நூல் அச்சொல்லை எங்கெங்கு, எவ்வெப்பொருளில் ஆளுகின்றது என்று அவன் பார்த்ததில்லை. இக்கட்டுரை அப்பேரனுக்காக எழுதப்படுகின்றது. அவனுடைய சமய நம்பிக்கையைக் குலைப்பது நம் நோக்கமன்று. அவன் வேதத்தை அவனே முழுமையாக வாசிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முதலில் சொல்லின் ஒலியைக் கருதுவோம். ‘சாத்தான்’ எபிரேய மொழியிலிருந்து கிரேக்கத்தின் வழியாக நம்மிடம் வந்த சொல். ‘சாத்தன்’ என்பதோ நம் பழந்தமிழ்ப் பெயர். இரண்டிற்கும் பிறப்பால் யாதொரு தொடர்பும் இல்லை. ஒலி ஒத்தது, அவ்வளவே. மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார். சங்கப் புலவருள் ஒக்கூர் மாசாத்தனாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் உளர். கோவலனின் தந்தை மாசாத்துவான். வணிகக் கூட்டத்திற்குச் ‘சாத்து’ என்று பெயர். ஐயனாரையும் சாத்தன் என்றே மக்கள் வழங்கினர். மணிமேகலை தன் இறுதி நாட்களில் அறவண அடிகளிடம் அறங்கேட்ட இடம் நம் காஞ்சி மாநகரன்றோ? அக்காவியத்தைப் பாடியவர் பெயரை இன்று ஒரு சிறுவனுக்கு இட்டால் அண்டை வீட்டார் நகைப்பர். ஒலி ஒப்புமை ஒரு நல்ல பெயருக்கு இழைத்த கேடு இது.

கேரளத்தில் ‘சாத்தன்’ என்பது ஒடுக்கப்பட்ட மக்களிடையே பெருக வழங்கிய பெயர். 1957ஆம் ஆண்டு அமைந்த ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சராக விளங்கிய பி. கே. சாத்தன் மாஸ்டர் புலையர் சமூகத்தவர். சட்டமன்றத்தில் அப்பெயரைக் கூறி உறுதிமொழி ஏற்றவரை எவரும் பிசாசு என்று கருதவில்லை.

‘பேய்’ என்னும் சொல்லும் இவ்வாறே. முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். அவருடன் எண்ணப்படும் பொய்கையாழ்வார் காஞ்சித் திருவெஃகாவில் தோன்றியவர் என்பது மரபு. காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று கூறிக்கொண்டார். திருவள்ளுவர், உலகத்தார் உண்டு என்று ஏற்பதனை இல்லை என்று சாதிப்பவனை ‘அலகை’ என்று எண்ண வேண்டும் என்றார். அலகை என்றால் பேய். இவற்றையெல்லாம் உள்ளவாறே கொண்டு, வள்ளுவர் நாத்திகருக்கு வாலும் கோரைப் பல்லும் உண்டென்று கூறினார் என எவரேனும் உரை எழுதினரா? உருவகத்தை உருவகமாகக் கொள்ளும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. திருமறை என்றவுடன் அப்பழக்கம் நம்மை விட்டு நீங்குவானேன்?

எபிரேயத்தில் ‘சாத்தான்’ என்பதன் நேர்ப்பொருள் எதிராளி, வழியை மறித்து நிற்பவன், வழக்கில் குற்றம் சாட்டுபவன் என்பதாம். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் கழுதையை மறித்து நின்றவன் இறைவனின் தூதன். அவனையே மூலநூல் அச்சொல்லால் சுட்டுகின்றது. தாவீது போர்க்களத்தில் தங்களுக்குச் ‘சாத்தான்’ ஆகிவிடுவானோ என்று பெலிஸ்தர் தலைவர்கள் அஞ்சினர். சாலொமோனுக்கு எதிராக எழுந்த ஏதோம் நாட்டு ஆதாதும் மூலநூலில் அவ்வாறே அழைக்கப்படுகின்றான். தமிழ் வேதாகமத்தில் இவ்விடங்களில் ‘சாத்தான்’ என்னும் சொல்லைக் காண இயலாது. எதிராளி, விரோதி என்னும் பொருள்படும் சொற்களே உள்ளன. மொழிபெயர்த்தோர் செய்தது பிழையன்று. ஆயினும் அதன் விளைவாக, தமிழ் வாசகனுக்கு ‘சாத்தான்’ என்பது ஒரு தனியாளின் பெயராக மட்டுமே எஞ்சிற்று.

யோபின் வரலாற்றில் வருபவனை நோக்குக. ஆங்கு எபிரேயச் சொல்லுக்கு முன் ஒரு சுட்டு இடைச்சொல் உள்ளது. ஆகவே அது பெயரன்று, பதவி. ‘குற்றஞ்சாட்டும் அலுவலன்’ என்று கூறலாம். அவன் இறைவனின் அவையில் மற்றத் தூதரோடு வந்து நிற்கின்றான். இசைவு பெற்ற பின்னரே செயற்படுகின்றான். நம் நாட்டு நீதிமன்றத்து அரசு வழக்கறிஞரை நினைத்துக்கொண்டால் அவ்விடம் எளிதில் விளங்கும். தமிழில் அத்தகைய சுட்டு இடைச்சொல் இல்லாமையால் பதவி பெயராயிற்று. சகரியா 3ஆம் அதிகாரத்தில் தலைமைக் குருவின் வலப்பக்கம் நின்று குற்றஞ்சாட்டுபவனும் இத்தகையோனே.

இன்னும் வியப்பான ஓரிடம் உண்டு. தாவீது அரசன் குடிமக்களைக் கணக்கெடுத்தது பாவம் என்று கருதப்பட்டது. அதற்கு அவனைத் தூண்டியவர் யார்? 2 சாமுவேல் 24ஆம் அதிகாரம் கர்த்தரின் சினம் என்கின்றது. பிற்காலத்தில் எழுதப்பட்ட 1 நாளாகமம் 21ஆம் அதிகாரம் அதே நிகழ்ச்சியை உரைக்கும்போது தூண்டியவன் சாத்தான் என்கின்றது. ஒரே நிகழ்ச்சி, இரு நூல்கள், இரு விளக்கங்கள். தீமையின் காரணத்தை இறைவனிடம் ஏற்றிக் கூற மனம் ஒவ்வாத பிற்காலத்தார் வேறொரு காரணத்தைத் தேடினர் என்று வேத ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். சாத்தானைப் பற்றிய கருத்து வளர்ந்த கருத்து. ஒரே நாளில் வானிலிருந்து இறங்கியதன்று. ஏதேன் தோட்டத்துப் பாம்பைக் கூட ஆதியாகமம் சாத்தான் என்று ஓரிடத்தும் கூறவில்லை. அவ்விணைப்பைப் பிற்கால நூல்களே செய்தன.

கிரேக்கத்தில் யூதர் தம் வேதத்தை மொழிபெயர்த்தபோது இச்சொல்லுக்கு ‘தியாபொலோஸ்’ என்பதனை இட்டனர். அதன் பொருள் அவதூறு கூறுபவன், பழி தூற்றுபவன். இப்பொருளை நம் இளைஞர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பழி தூற்றப்பட்ட மக்கள் நாம்.

விடிவெள்ளியின் கதை

‘லூசிபர்’ என்னும் தேவதூதன் பெருமையால் வீழ்ந்து சாத்தானானான் என்னும் கதையை நற்செய்திக் கூட்டங்களில் பலரும் கேட்டிருப்பர். அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது ஏசாயா 14ஆம் அதிகாரம். அவ்வதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தால், அது பாபிலோன் அரசன்மீது பாடப்பட்ட வசைப்பாட்டு என்று தீர்க்கதரிசியே முன்னுரைப்பது புலனாகும். நாடுகளை மிதித்துத் துவைத்த கொடுங்கோலன் ஒருவன் மாண்டு கிடக்கின்றான். வானளாவ உயர எண்ணியவன் புழுக்களின்மேல் படுத்திருக்கின்றான். அவனை விடியற்காலத்து வெள்ளியே என்று ஏளனமாக விளிக்கின்றார் புலவர். கதிரவன் எழுந்தால் மறைந்துபோகும் விண்மீனன்றோ அது! நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனில் மொழிபெயர்க்கத் தொடங்கிய எரோனிமுஸ் ‘ஒளி தருவது’ என்னும் பொருளில் ‘லூசிபர்’ என்ற சொல்லை அவ்விடத்தில் இட்டார். அஃது அன்று விடிவெள்ளிக்கு வழங்கிய பொதுப்பெயர். அதே இலத்தீன் வேதாகமம் பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் அடியார் உள்ளத்தில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் அதே சொல்லைக் கையாளுகின்றது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் ஏசாயாவில் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துவிட, விண்மீன் ஆளாயிற்று.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை இவ்விடத்தில் பாராட்ட வேண்டும். அவர்கள் ‘விடிவெள்ளி’ என்றே எழுதினர். தமிழ் வேதாகமத்தை மட்டும் படித்த நம் பாட்டன்மார் அவ்வதிகாரத்தில் லூசிபர் என்னும் பெயரைக் கண்டதில்லை. ஆங்கிலம் கற்ற பின்னர் நாம் பெற்ற புதுச் செல்வங்களுள் அதுவும் ஒன்று போலும்! கால்வின் போன்ற சீர்திருத்தத் தலைவரே பதினாறாம் நூற்றாண்டில் இப்பகுதியைச் சாத்தானுக்கு ஏற்றிக் கூறுவது அறியாமை என்று தம் உரையில் கடிந்துள்ளார். எசேக்கியேல் 28ஆம் அதிகாரமும் தீரு நகரத்து அரசனைப் பற்றியதே.

நம் தெய்வங்கள் பிசாசுகளான வரலாறு

ஓர் உருவகம் உள்ளதன் பெயராகக் கொள்ளப்பட்டால், அதற்கு ஓர் உடலும் ஊரும் வேண்டும். தமிழ்நாட்டில் அவ்வுடல் யாருடையதாயிற்று என்பதே வரலாறு.

1542ஆம் ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மதம் மாறிய சிறுவர்கள் தம் பெற்றோர் வணங்கிய உருவங்களை உடைத்து இழிவுபடுத்துவதை மகிழ்ச்சியோடு தம் மடல்களில் எழுதினார். அவருக்கு அவ்வுருவங்கள் யாவும் பிசாசுகளே. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு வேறொரு வகையினர். அவரும் 1713இல் ‘அக்கியானம்’ என்னும் சிறுநூலை அச்சிட்டு நம் வழிபாடுகளைக் கண்டித்தார். ஆயினும் அதே ஆண்டில் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் பெருநூலாக எழுதி முடித்தார். மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் அது. கிராம தேவதைகளை மக்கள் வணங்குவது பேய்களிடமிருந்தும் நோய்களிடமிருந்தும் ஊரைக் காப்பதற்காக என்பதனை அவர் அறிந்து குறித்தார். அந்நூலை அச்சேற்ற ஹாலே நகரத்துத் தலைவர்கள் விரும்பவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனைப் பரப்புவதா என்பது அவர்களின் எண்ணம். 1867இல் தான் அது சென்னையில் ஜெர்மானியரால் அச்சாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்த அச்செய்தி எத்துணை இன்றியமையாதது! நம் முன்னோர் பேயை வணங்கவில்லை. பேயிலிருந்து காக்கும் காவலை வணங்கினர். காவற்காரனைக் கள்வன் என்று பிடித்துச் சென்றது போலாயிற்று பின்வந்தோர் செயல்.

பின்வந்தோருள் முதன்மையாகக் கூறத்தக்கவர் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திற்காகத் தமிழுலகம் அவருக்குக் கடன்பட்டுள்ளது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1849இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணாரைப் பற்றிய நூல், உழைக்கும் மக்களின் சமயத்தைப் ‘பேய் வழிபாடு’ என்றே பெயரிட்டு உலகிற்கு அறிவித்தது. கற்றறிந்த நாடார் பெருமக்கள் அந்நூலை வன்மையாக எதிர்த்தனர். எதிர்ப்பதற்கு அவர்களிடம் படிப்பும் அமைப்பும் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்க. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1916இல் சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி நூல் வெளியிட்டபோது செய்திகளைப் பொறுமையாகத் திரட்டியிருந்தார். மதிப்பீட்டிலோ பழைய பார்வை பெரிதும் மாறவில்லை. பெருங்கோயில் தெய்வங்கள் ‘தத்துவம்’ என்றும் சேரித் தெய்வங்கள் ‘பிசாசு’ என்றும் ஒரு பாகுபாடு கற்றோரிடையே நிலைபெற்றது. காஞ்சியின் பெருங்கோயில்களுக்குள் நாம் நுழையத் தடை. நாம் நுழைந்து வழிபடக்கூடிய இடமோ பிசாசின் இடம். மேல்சாதியாரின் தீட்டும் வெளிநாட்டாரின் சொல்லும் இவ்வாறு ஒரே இடத்தில் வந்து கைகோத்தன.

பறையும் இதில் தப்பவில்லை. இறந்தோர்க்கும் தெய்வத்திற்கும் ஒலித்த கருவி என்னும் காரணத்தால் அது பேயின் கருவி எனப்பட்டு, பல ஊர்களில் தேவாலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. கருவியை வெளியே வைத்துவிட்டு ஆளை உள்ளே வரச் சொன்னால், அவன் முழுமையாக உள்ளே வந்தவனாவானா? இக்கேள்வியைப் பின்னாளில் மதுரை அரசரடி இறையியற் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) தம் நாட்டுப்புற இசையால் எழுப்பினார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலில் பறையர் மக்களின் எல்லையம்மனையும் பறையையும் இறையியலின் கருப்பொருளாகவே எடுத்துக்கொண்டார்.

மிஷனரிமார் செய்த நன்மையை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன், அப்பள்ளியில் பறையர் சிறுவர் பயில்வதை அறிந்து சாதி இந்துக்கள் அவர்களை நீக்கக் கோரியபோது மறுத்துவிட்டார். மாணாக்கர் பலர் வெளியேறியும் அவர் அசையவில்லை. அப்பணியின் கிளையாகக் காஞ்சிபுரத்தில் எழுந்த பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அரை நூற்றாண்டிற்குப் பின் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆதாம் ஆண்ட்ரூவும் திருவள்ளூரில் வில்லியம் கௌடியும் நம் மக்களின் நிலவுரிமைக்காக வாதாடினர். மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை, சேரி மக்கள் தாம் குடியிருக்கும் மனைக்கும் உரிமையற்றவராய், மிராசுதாரர் வெகுண்டால் குடிசையை விட்டே வெளியேற வேண்டிய நிலையில் இருந்ததை அரசுக்கு எடுத்துரைத்தது. 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணையும் பஞ்சமி நிலமும் அதனைத் தொடர்ந்தவை. நமக்கு எதிராளியாக வழியை மறித்து நின்றது எது என்பதை இவ்வறிக்கையைப் படிப்போர் உணர்வர். அதற்குக் கொம்பு இல்லை, பட்டா இருந்தது.

தோற்றவனை அசுரன் என்றும் அரக்கன் என்றும் வென்றவன் எழுதுவான் என்பதை நம் இந்தியச் சிந்தனையாளர் தாமாகவே கண்டனர். ஜோதிபா புலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யில் இராட்சதர் என்போர் காத்தோர் என்று விளக்கி, மாபலி மன்னனை உழவரின் அரசனாகப் போற்றினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தம் இதழில் ‘யதார்த்த பிராமணர்’, ‘வேஷ பிராமணர்’ என்று பிரித்துக் காட்டி, நம்மீது சுமத்தப்பட்ட இழிபெயர்கள் பகைவர் இட்டவை என்று ஓயாது எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்று ஏற்க இயலாது. கேட்ட கேள்வி மட்டும் தளரவில்லை. அண்ணல் அம்பேத்கர், அவர் மறைவிற்குப் பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், போதி மரத்தடியில் புத்தரை எதிர்த்த மாரனின் படையைத் தீய எண்ணங்களும் தீய ஆசைகளும் என்றே விளக்கினார். புராண உருவம் அவர் கையில் மன இயல்பாயிற்று. கிறித்தவ வேதத்திற்கும் அத்தகைய வாசிப்பு அயலானதன்று.

இயேசு பெருமான் வாயினின்று ‘சாத்தானே’ என்னும் விளி யாரை நோக்கி எழுந்தது? தம் முதன்மைச் சீடரான பேதுருவை நோக்கி. பாடுகளின் வழியை மறித்ததனால் பேதுரு அந்நேரத்திற்கு எதிராளியானார். அதன்பின்னும் சீடராகவே இருந்தார். பேதுருவின் உடலில் பேய் புகுந்தது என்று எவரும் பேயோட்டவில்லை. கதரேனர் நாட்டில் கல்லறைகளிடையே தன்னைத் தானே கற்களால் கீறிக்கொண்டு திரிந்தவனைப் பற்றிய கதையில், அவனைப் பிடித்தவை கூறும் பெயர் ‘லேகியோன்’. அது உரோமானியப் படைப்பிரிவின் பெயர். ஒரு லேகியோனில் ஏறத்தாழ 5000 வீரர் இருப்பர். அந்நியப் படையால் மிதிக்கப்பட்ட நாட்டில் அப்பெயரைக் கேட்ட உழவனுக்கு உட்பொருள் விளங்காமற் போயிருக்குமா? வெளிப்படுத்தின விசேஷத்தில் வலுசர்ப்பத்திடம் அதிகாரம் பெறும் மிருகம் உரோமப் பேரரசைக் குறிப்பது என்பதை அந்நூலே 17ஆம் அதிகாரத்தில் ஏழு மலைகள் என்னும் குறிப்பால் காட்டுகின்றது. 666 என்னும் எண், நீரோ மன்னன் பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் வருவது என்பது அறிஞர் பலரின் முடிவு. வெளிப்படையாகப் பேசினால் தலை போகும் காலத்தில் எழுந்த மறைமொழி அது. அத்தகைய மொழியை நாமும் அறிவோம். பண்ணையாரின் முன்னிலையில் நம் பெண்கள் பாடிய நடவுப் பாட்டுகளில் எத்தனை மறைமொழிகள்!

உருவகம் வலியோர் கைக்கு மாறினால் என்னவாகும் என்பதற்கு ஐரோப்பாவே சான்று. பேரரசின் கொடுமைக்கு ஆளான சிறுபான்மையினர் தம் எதிரிகளைச் சாத்தானின் மக்கள் என்று குமுறியதை, பின்னர் அரியணை ஏறிய கிறித்தவர் யூதர்மீதும் சூனியக்காரிகள் எனப்பட்ட ஏழைப் பெண்கள்மீதும் திருப்பினர். இதனை எலேன் பேகல்ஸ் என்னும் அம்மையார் 1995இல் ஒரு நூலாகவே ஆராய்ந்துள்ளார். நம் ஊர்களில் இன்று அச்சொல் விழுவது மனநோயுற்ற பெண்கள்மீதும், வலிப்பு நோயுற்ற சிறுவர்மீதும். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்கள் இரவெல்லாம் தலைவிரித்து ஆட்டப்படுகின்றனர். இதில் எந்தச் சமயத்தாரும் குற்றமற்றவர் அல்லர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதை மறக்கலாகாது.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகின்றாள். 18 ஆண்டுகளாக முதுகு வளைந்து, நிமிர இயலாதவள். அவளைச் சாத்தான் கட்டி வைத்திருந்தான் என்று இயேசு கூறுகின்றார். ஆயினும் அவர் அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்கவில்லை. அவளிடம் பாவ அறிக்கை கேட்கவுமில்லை. அவள் பாட்டி எத்தெய்வத்தை வணங்கினாள் என்று வினவவுமில்லை. அழைத்தார், கைகளை வைத்தார், அவள் நிமிர்ந்தாள். சினந்தவன் ஜெப ஆலயத் தலைவன். குணமாவதற்கு வேறு ஆறு நாட்கள் இல்லையா, ஓய்வுநாளில் எதற்கு என்பது அவன் வாதம். உங்கள் மாட்டையும் கழுதையையும் ஓய்வுநாளில் தண்ணீர் காட்ட அவிழ்த்து விடுகிறீர்களே என்று அவர் திருப்பிக் கேட்டார். ஊர்க் குளத்தில் மாடு இறங்கலாம், நாம் இறங்கலாகாது என்றிருந்த நாட்களை அறிந்த பெரியோர் இப்பகுதியைப் படிக்கக் கேட்டால் உரை வேண்டார். வளைந்த முதுகோடு வந்த அவளை அவர் அக்கூட்டத்தார் அனைவர் முன்னிலையிலும் ‘ஆபிரகாமின் மகள்’ என்று குறிப்பிட்டார்.